கேட்டுவிட்டு வரும் கரண்ட்

தருமபுரிப் பக்கத்துக் கடத்தூரில் லேண்ட்லைன் இருந்த காலத்தில், கரண்ட் போன இரவுகளிலும் டெலிபோன் மணி அடிக்கும். ஃபேன் நின்றிருக்கும், டிவி அணைந்திருக்கும், தெரு முழுக்க இருட்டாக இருக்கும். ரிசீவரை எடுத்தால் மட்டும் காதில் அந்த நீண்ட ரீங்காரம் கேட்கும். போன் என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் பழகியிருந்தோம். இன்று அதே தெருக்களுக்குக் கண்ணாடி இழை வந்துவிட்டது. ஒரு முழுத் திரைப்படம் சில நிமிடங்களில் இறங்குகிறது. ஆனால் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் மின்வாரியம் ஷட்டவுன் எடுத்தால், ஃபேனோடு சேர்ந்து நெட்டும் நின்றுபோகிறது. பழைய போனுக்கு முடிந்த ஒன்று இத்தனை வேகம் கூடிய புதிய இணைப்புக்கு ஏன் முடியவில்லை?

பழைய போன் வீட்டுக் கரண்ட்டைத் தொட்டதே இல்லை என்பதுதான் காரணம். அதற்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது. அங்கே 2 வோல்ட் ஈய-அமில செல்கள் 24 வரிசையாக இணைக்கப்பட்டு, 48 வோல்ட் தரும் பேட்டரியாக இருந்தன. பேச்சு போகும் அதே இரண்டு செம்புக் கம்பிகளில் அந்த 48 வோல்ட்டும் வீடுவரை வந்தது. ரிசீவரை எடுத்ததும் சுற்று மூடி, சில பத்து மில்லி ஆம்பியர் ஓடத் தொடங்கும். ‘இந்த வீட்டில் யாரோ பேசப் போகிறார்கள்’ என்று எக்ஸ்சேஞ்ச் அந்த ஓட்டத்தை வைத்தே தெரிந்துகொள்ளும். போனின் ஒலிவாங்கி இயங்கியதும் அதே ஓட்டத்தால்தான். ஊருக்கு ஒரு பேட்டரி இருந்தது. அதைப் பராமரிக்க ஆள் இருந்தார், கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டரும் இருந்தது. வீட்டுக்காரருக்கு அந்தக் கவலையே இல்லை.

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் கையில் ஒரு சிறு மீட்டர் வைத்திருப்பார். இழையின் முனையை அதில் செருகி, “மைனஸ் இருபது இருக்குதுங்க, நல்லா வரும்” என்பார். அந்த மைனஸ் 20 டிபிஎம் என்பது ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு ஒளி. தகவலைப் படிக்க அது தாராளமாகப் போதும். ஒரு சிறு எல்இடியை மினுக்கக்கூடப் போதாது. அதனால் சுவரில் மாட்டும் ஃபைபர் பெட்டிக்கு அடாப்டர் வேண்டும், அந்த அடாப்டருக்கு பிளக் பாயிண்ட் வேண்டும், பாயிண்ட்டில் கரண்ட் இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழையைக் கொண்டுசேர்க்கும் டான்ஃபிநெட் பணிக்கும் இதே நிபந்தனைதான். இழை எத்தனை கிலோமீட்டர் நன்றாக ஓடி வந்தாலும், கடைசிப் பெட்டிக்கு உள்ளூரிலேயே மின்சாரம் இருந்தாக வேண்டும்.

வீட்டுக்குள் இப்போது அப்படி ஒரு பெட்டி மட்டும் இல்லை. மாடியறைக்கு சிக்னல் எட்டவில்லை என்று இன்னொரு வைஃபை பெட்டி வைக்கிறோம். வாசலில் ஒரு கேமரா, பின்பக்கம் மாட்டுக்கொட்டகையைப் பார்க்க இன்னொன்று. ஃபைபர் எட்டாத வீடுகளில், 2023-இல் ஜியோவும் ஏர்டெல்லும் கொண்டுவந்த ஏர்ஃபைபர் சேவைக்காக மொட்டை மாடியில் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கிறது. கேமரா மாட்ட வருபவர் ஏணியை விரிப்பதற்கு முன்பே, “பக்கத்துல பாயிண்ட் இருக்குதுங்களா?” என்று கேட்கிறார். கேமராவுக்கு நல்ல இடம் எது என்பதைக் காட்சியைவிட பிளக் பாயிண்ட்தான் பல வீடுகளில் முடிவு செய்கிறது. இதிலிருந்து விடுபட ஒரு வழி இருக்கிறது. தகவல் கொண்டுபோகும் லேன் கேபிளே மின்சாரத்தையும் கொண்டுபோகலாம். இதற்குப் பவர் ஓவர் ஈதர்நெட் என்று பெயர். கடைகளில் ‘பி.ஓ.இ.’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். மேலே சொன்ன மொட்டை மாடிப் பெட்டிகளும் இந்த வழியில்தான் கரண்ட் எடுக்கின்றன. அவற்றுக்கு மேலே போகும் கேபிள் ஒன்றே ஒன்றுதான்.

ஒரே கம்பியில் தகவலும் மின்சாரமும் எப்படி ஒன்றையொன்று கெடுக்காமல் போகின்றன? லேன் கேபிளை உரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். இந்த முறுக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்ற யோசனை. வெளியிலிருந்து வரும் மின்காந்தத் தொந்தரவு ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் விழும். தகவலோ இரண்டு கம்பிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடாகப் போகும். மறுமுனை அந்த வேறுபாட்டை மட்டும் படிப்பதால், இரண்டிலும் பொதுவாக இருப்பது அதன் கணக்கில் வராது. அப்படியானால் இரண்டு கம்பிகளிலும் சமமாக ஒரு மின்சாரத்தை வேண்டுமென்றே செலுத்தினால்? அதுவும் கணக்கில் வராது. ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து இழுப்பதால் வண்டி நகர்கிறது. ஒன்று அரையடி முந்தினால் நுகம் சற்றே சாய்கிறது. நுகத்தின் சாய்வு தகவல், வண்டியின் நகர்வு மின்சாரம். ஒரு ஜோடி மின்சாரத்தை எடுத்துப் போகிறது, இன்னொரு ஜோடி அதைத் திரும்பக் கொண்டுவருகிறது.

இதைச் செய்துகொடுப்பது கேபிளின் இரு முனைகளிலும் இருக்கும் கடுகளவு டிரான்ஸ்பார்மர்கள். சுருளின் இரண்டு நுனிகளில் தகவல் ஏறுகிறது, நட்டநடுவில் மின்சாரம் ஏறுகிறது. நடுவில் நுழைந்த மின்சாரம் இரண்டாகப் பிரிந்து எதிரெதிர்த் திசைகளில் போவதால், அவை உண்டாக்கும் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. டிரான்ஸ்பார்மரின் இரும்பைப் பொறுத்தவரை மின்சாரம் வந்ததாகவே இல்லை. பிரிவு சமமாக இல்லாவிட்டால்தான் சிக்கல். ஒரு கம்பி மட்டும் சரியாகக் கிரிம்ப் ஆகாமல் தளர்ந்திருந்தால், காந்தம் ஒரு பக்கம் மிஞ்சி, தகவல் தடுமாறத் தொடங்கும். மின்சாரம் வருகிறது ஆனால் நெட் விட்டுவிட்டு வருகிறது என்ற புகார்களில் சில இங்கிருந்து பிறப்பவை.

இந்தத் தந்திரம் கணினியைவிட மிகப் பழையது. 1882-இல் ஃபிராங்க் ஜேக்கப் என்பவர், இரண்டு ஜோடிக் கம்பிகளைக் கொண்டு மூன்றாவதாக ஒரு போன் இணைப்பையும் நடத்தலாம் என்று காட்டினார். 1886-இல் அமெரிக்கப் பொறியாளர் ஜான் கார்ட்டி அதை டிரான்ஸ்பார்மர் கொண்டு சீராக்கினார். தனக்கென்று தனிக் கம்பியே இல்லாமல் ஓடிய அந்த மூன்றாவது இணைப்பைப் பொறியாளர்கள் ஆவிச் சுற்று என்று அழைத்தார்கள். ராபர்ட் மெட்காஃப் 1973-இல் ஈதர்நெட்டை எழுதியபோது, அதற்கான மின்வழி தொண்ணூறு ஆண்டுகளாகத் தொலைபேசிக்காரர்களின் கையில் இருந்தது.

என்னை உண்மையில் வியக்கவைப்பது இதற்கு அடுத்த பகுதி. சுவர் பிளக் எதையும் கேட்பதில்லை. அதில் எதைச் செருகினாலும், விரலையே வைத்தாலும், 230 வோல்ட் தயாராக இருக்கிறது. லேன் போர்ட்டில் அப்படி வைக்க முடியாது. ஒரே அச்சில் வார்த்த ஜாக்கில் இன்று கேமரா இருக்கும், நாளை லேப்டாப், மறுநாள் பத்து வருடம் பழைய பிரிண்டர். மின்சாரத்தை எதிர்பார்க்காத ஒன்றுக்குள் 48 வோல்ட்டை அனுப்பினால் அது கருகிவிடக்கூடும். ஆகவே 2003-இல் ஐ.இ.இ.இ. அமைப்பு வகுத்த முதல் தரநிலை, மின்சாரத்துக்கு ஒரு விசாரணை முறையை விதித்தது.

பல லேன் கேபிள்களை இணைத்து, அவற்றுக்கு மின்சாரமும் தரும் பெட்டிதான் பி.ஓ.இ. ஸ்விட்ச். அதன் ஒரு போர்ட் காலியாக இருக்கும்போது அதில் 48 வோல்ட் இல்லை. 3 முதல் 10 வோல்ட் வரையிலான ஒரு சின்ன அழுத்தத்தை அவ்வப்போது அனுப்பி, எதிர்முனையில் யாராவது இருக்கிறார்களா என்று ஸ்விட்ச் தட்டிப் பார்க்கிறது. மின்சாரம் வாங்கத் தகுதியுள்ள ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் 25,000 ஓம் தடை ஒன்று வைக்கப்பட்டிருக்கும். 10 வோல்ட்டில் அதன் வழியே ஓடுவது 0.4 மில்லி ஆம்பியர்தான். ஸ்விட்ச் அந்த ஓட்டத்தை அளக்கிறது. ஒருமுறை அளந்து விட்டுவிடுவதில்லை, வேறொரு அழுத்தத்தில் மீண்டும் அளக்கிறது. சாதனத்தின் வாசலிலுள்ள டையோடுகள் கொஞ்சம் வோல்ட்டை விழுங்கிக்கொள்வதால் ஒற்றை அளவீடு ஏமாற்றும். இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தை எடுத்தால் அந்தப் பிழை கழிந்து, உண்மையான தடை வெளிப்பட்டுவிடும். 25,000-க்கு அருகில் வந்தால் அனுமதி. லேப்டாப்பிலோ பிரிண்டரிலோ இந்தத் தடை இருக்காது, ஆகவே அவற்றுக்குத் தகவல் மட்டும் போகும். எந்த மென்பொருளும் கடவுச்சொல்லும் இல்லாமல், ஒரு சாதாரணத் தடையின் மதிப்பையே அடையாளச் சீட்டாக வைத்த யோசனை எனக்குப் பேரழகாகத் தெரிகிறது. தகவல் பேச்சே தொடங்காத, உயிரே வராத ஒரு சாதனம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேறு எப்படி முடியும்?

அடுத்து ‘உனக்கு எவ்வளவு வேண்டும்?’ என்ற கேள்வி. ஸ்விட்ச் அழுத்தத்தை 15.5 வோல்ட்டுக்கும் 20.5 வோல்ட்டுக்கும் இடையே உயர்த்துகிறது. பதிலாகச் சாதனம் ஒரு குறிப்பிட்ட அளவு மின்சாரத்தை இழுத்துக் காட்டுகிறது. 10 மில்லி ஆம்பியர் அளவில் இழுத்தால் 4 வாட் போதும் என்று பொருள், 18 அளவில் இழுத்தால் 7 வாட், 28 என்றால் 15.4 வாட், 40 என்றால் 30 வாட். ஸ்விட்ச் தன் கையிருப்பைப் பார்த்து, முடியுமென்றால் 48 வோல்ட்டைத் திறந்துவிடுகிறது. இத்தனையும் ஒரு நொடிக்கு முன்பின்னாக முடிந்துவிடும். அதன் பிறகும் கண்காணிப்பு ஓயாது. சாதனம் குறைந்தது 10 மில்லி ஆம்பியராவது அவ்வப்போது இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அது நின்றுபோனால், கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அரை நொடிக்குள் மின்சாரம் நிறுத்தப்படும். அடுத்த ஆள் அதே நுனியில் வேறு எதைச் செருகினாலும் விசாரணை முதலிலிருந்து தொடங்கும்.

ஏன் 48 வோல்ட்? கேமராவுக்குள் இருக்கும் சிப்புகளுக்கு 3.3 வோல்ட் போதுமே, 12 வோல்ட்டை நேராக அனுப்பினால் என்ன? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு மீட்டர் லேன் கேபிளில் போய்த் திரும்பும் மின்தடை அதிகபட்சம் 12.5 ஓம் என்று வைத்திருக்கிறார்கள். 12 வாட் தேவைப்படும் ஒரு சாதனத்துக்கு 12 வோல்ட்டில் அனுப்பினால் 1 ஆம்பியர் ஓட வேண்டும். 12.5 ஓமில் 1 ஆம்பியர் ஓடினால் 12.5 வோல்ட் கம்பியிலேயே இறங்கிவிடும். அனுப்பியதைவிட அதிகம் அது, அதாவது மறுமுனைக்கு எதுவும் போய்ச் சேராது. 48 வோல்ட்டில் அனுப்பினால் கால் ஆம்பியரை ஒட்டிய ஓட்டம் போதும். கம்பியில் இறங்குவது மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேல், வீணாவது ஒரு வாட்டுக்கும் குறைவு. அழுத்தம் நான்கு மடங்கு கூடினால் இழப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. மேட்டூரிலிருந்து மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் ஏற்றி அனுப்புவதும் இதே கணக்கின்படிதான். இன்னும் மேலே போகாமல் 48-ஐ ஒட்டி நிறுத்தியதற்குக் காரணம் மனித உடல். 60 வோல்ட்டுக்குக் கீழான நேர்மின்சாரம் உலர்ந்த கைக்குப் பொதுவாக ஆபத்தற்றது என்ற எல்லைக்குள் இது அடங்கிவிடுகிறது.

தரநிலையிலுள்ள விநோத எண்களும் இந்தக் கணக்கிலிருந்தே பிறந்தவை. 2003-இன் விதிப்படி ஸ்விட்ச் 15.4 வாட் கொடுக்கும், சாதனம் 12.95 வாட் மட்டுமே எதிர்பார்க்கலாம். இடையில் காணாமல்போன 2.45 வாட் எங்கே? அன்று பழைய வகைக் கேபிள்களையும் மனத்தில் வைத்து மின்தடையை 20 ஓம் என்றும், ஓட்டத்தை 0.35 ஆம்பியர் என்றும் எடுத்துக்கொண்டார்கள். 0.35-ஐ 0.35-ஆல் பெருக்கி, 20-ஆல் பெருக்கினால் 2.45. நூறு மீட்டர் செம்பு சூடாகச் செலவிடும் பங்கு அது. 2009-இல் வந்த இரண்டாவது தரநிலையில் 30 வாட்டும் 25.5 வாட்டும். வித்தியாசம் 4.5, அதுவும் 0.6 ஆம்பியரின் வர்க்கத்தை 12.5 ஓமால் பெருக்கிய விடை. 2018-இல் நான்கு ஜோடிகளையும் பயன்படுத்தி 90 வாட் வரை உயர்த்தினார்கள். ஆம்ஸ்டர்டாமில் ‘தி எட்ஜ்’ என்ற அலுவலகக் கட்டடத்தின் விளக்குகளே லேன் கேபிளில் எரிகின்றன.

இந்தக் கணக்கு நம் ஊர்க் கடைகளில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு கேபிள் சுருள்களில் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கும். அதன் கம்பி முழுச் செம்பு இல்லை, அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு. கடைக்காரர்கள் சிசிஏ என்பார்கள். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் அறுபது சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். தகவலுக்கு அது குறுகிய தூரத்தில் தாக்குப்பிடிக்கும். மின்சாரம் ஏற்றினால் இழப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் போகும், நுனிகள் எளிதில் முறியும், இணைப்பு சூடாகும். பகலெல்லாம் ஓடும் கேமரா இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் அணைந்து அணைந்து வந்தால், நான் முதலில் கேபிளைத்தான் சந்தேகிப்பேன். கேமராவில் மிச்சம் பிடியுங்கள், கேபிளில் வேண்டாம்.

கம்பியிலேயே மின்சாரம் கொடுக்கும் யோசனைக்குச் சென்னையிலும் ஒரு வரலாறு இருக்கிறது. 1990-களில் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவும் மிடாஸ் நிறுவனமும் சேர்ந்து ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லா இணைப்பு முறையை உருவாக்கின. செம்புக் கம்பியை ஒவ்வொரு வீடாக இழுக்கச் செலவாகும் கிராமப்புறங்களுக்காக எழுந்த முயற்சி அது. எக்ஸ்சேஞ்சிலிருந்து சற்றுத் தொலைவில், கம்பத்திலோ சுவரிலோ மாட்டிய சிறு அலைபரப்பிப் பெட்டி ஒன்று வீடுகளோடு வானொலி அலையில் பேசும். அந்தப் பெட்டிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து மூன்று ஜோடி முறுக்குக் கம்பிகள் போயின. அழைப்புகளும் அவற்றில்தான், பெட்டிக்கான மின்சாரமும் அவற்றில்தான். கம்பத்தின் அடியில் மின் இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை, அங்கே பேட்டரி வைக்க வேண்டியதில்லை. சிஸ்கோ நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தன் அலுவலகப் போன்களுக்கு லேன் கேபிளில் கரண்ட் கொடுக்கத் தொடங்கியதற்கும், 2003-இன் தரநிலைக்கும் முன்பே இங்கே சிந்தித்து முடித்த வடிவமைப்பு இது. மதுரை அருகே மேலூர் வட்டாரக் கிராமங்களில் 2001 முதல் இயங்கிய இணைய மையங்கள் கார்டெக்ட் வழியாக, நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணைந்தன. அந்த வேகத்தில்தான் கிராமத்தவரின் கண் படங்கள் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போயின. மின்சாரமும் தகவலும் ஒரே கவலை என்பதை அந்தப் பொறியாளர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

கடத்தூரில் தங்கள் வீட்டில் பி.ஓ.இ. போட நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, விசாரிக்காமல் லேன் கேபிளில் கரண்ட்டைத் திறந்துவிடும் இன்ஜெக்டர் என்ற மலிவான சிறு பெட்டிகளும் சந்தையில் உண்டு. பெரும்பாலும் 24 வோல்ட். மொட்டை மாடி ரேடியோக்களோடு வருபவை. தங்களுக்கான சாதனத்தோடு அவை ஒழுங்காகவே இயங்கும். அந்தக் கேபிளை மறந்துபோய் லேப்டாப்பில் செருகினால் யாரும் காப்பாற்ற முடியாது. வாங்கும்போது பெட்டியில் 2003, 2009 தரநிலைகளின் பெயர்களான 802.3ஏஎஃப் அல்லது 802.3ஏடி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, இடி. தருமபுரிப் பக்கம் சித்திரை, வைகாசி மாத மாலைகளில் இறங்கும் கோடை மழை மின்னலோடுதான் வரும். மின்னல் நேராக விழ வேண்டியதில்லை, அருகில் எங்காவது விழுந்தாலே மொட்டை மாடியிலிருந்து இறங்கும் நீண்ட செம்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஒரு கணம் தோன்றிவிடும். தரநிலை கேட்கும் காப்பு 1,500 வோல்ட்டுக்கானது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் புரொடெக்டர் வைத்து, அதற்குச் சரியான எர்த் கொடுப்பது அவசியம். வீட்டிலிருந்து தள்ளியிருக்கும் கிணற்றடி மோட்டார் ஷெட்டுக்கோ களத்துக்கோ கேமரா வேண்டுமென்றால், அங்கே செம்பை இழுக்காமல் கண்ணாடி இழையை இழுத்து, ஒரு சிறு சோலார் பேனலில் மின்சாரம் கொடுப்பதே என் பரிந்துரை. மின்சாரத்தைக் கடத்தாத கண்ணாடியின் குணம் அங்கே வரமாகிவிடும்.

மற்றபடி வீட்டுக்குள் கணக்கு மிக எளிது. ஃபைபர் பெட்டி, மாடி வைஃபை, இரண்டு கேமரா, ஸ்விட்ச் எல்லாம் சேர்த்து முப்பது, முப்பத்தைந்து வாட் ஆகும். ஒரு பழைய சீலிங் ஃபேன் எடுப்பதில் பாதி. இன்வெர்ட்டர் லைனில் எத்தனை பாயிண்ட் இருக்கிறது என்று இனி எண்ண வேண்டியதில்லை. ஸ்விட்ச் செருகிய ஒரு பாயிண்ட் இன்வெர்ட்டரில் இருந்தால், அதிலிருந்து கிளம்பும் எல்லாக் கேபிள்களின் நுனியிலும் கரண்ட் இருக்கும். பி.ஓ.இ. ஏற்காத ஃபைபர் பெட்டிக்கு, கேபிளிலிருந்து 12 வோல்ட்டைப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர் கிடைக்கிறது. ஊர் எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறை வீட்டு அலமாரிக்குள் வந்துவிட்டது என்று சொல்லலாம். ஷட்டவுன் நாளிலும் நெட் இருக்கும், தெருமுனையிலிருக்கும் ஃபைபர்காரரின் பெட்டிக்கும் பேட்டரி இருந்தால்.

இன்னும் ஒரு படி மீதமிருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரியில் இருப்பது நேர்மின்சாரம். அதை 230 வோல்ட் மாறுமின்சாரமாக்கி, ஸ்விட்சின் அடாப்டரில் மறுபடி 48 வோல்ட் நேர்மின்சாரமாக்கி, கேமராவுக்குள் 3.3-ஆகக் குறைக்கிறோம். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் வெப்பமாகப் போகிறது. இந்த வீண் சுற்றைக் கேள்வி கேட்டதும் அதே ஜுன்ஜுன்வாலாவும் சென்னை ஐஐடியும்தான். தமிழ்நாடு நீண்ட மின்வெட்டுகளில் தவித்த ஆண்டுகளை ஒட்டி, வீடுகளுக்குள் 48 வோல்ட் டிசி லைன் ஒன்றைத் தனியாக ஓடவிடும் திட்டத்தை அவர்கள் முன்வைத்தார்கள். பற்றாக்குறை நேரத்தில் மின்சாரத்தை முற்றாக வெட்டாமல், குறைந்த அளவில் கொடுத்து, வீட்டிலுள்ள ஒரு பெட்டி அதை 100 வாட்டுக்கு உட்பட்ட 48 வோல்ட் டிசியாக மாற்றித் தருவது அதன் சாரம். விளக்கு, பிஎல்டிசி ஃபேன், போன் சார்ஜர் ஆகியவை அந்த லைனில் ஓடும். கூரையில் சோலார் பேனல் வைத்தால் அதுவும் நேராக அதே லைனில் சேரும். ராஜஸ்தானில் மின்கம்பி எட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளில் இந்த வகை சோலார்-டிசி அமைப்பு பொருத்தப்பட்டது. 2017-இல் இந்தியத் தரநிலைகள் அமைப்பு வீடுகளுக்கான 48 வோல்ட் டிசி விநியோகத்துக்கு வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது.

எக்ஸ்சேஞ்ச் பேட்டரி, லேன் கேபிள், ஐஐடியின் டிசி லைன் மூன்றும் ஒரே எண்ணில் வந்து நிற்பதற்குக் காரணம் ஒன்றுதான்: உடலுக்கு ஆபத்தில்லாத அழுத்தத்துக்கும் கம்பியில் வீணாகாத அழுத்தத்துக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி குறுகியது. அப்படியொரு டிசி லைன் உள்ள வீட்டில் பி.ஓ.இ. ஸ்விட்சுக்கு 230 வோல்ட் அடாப்டர் தேவைப்படாது. மொட்டை மாடி பேனலிலிருந்து வாசல் கேமராவரை, மின்சாரம் ஒருமுறைகூட மாறுமின்சாரமாக மாறாமலே போய்ச் சேரும்.